பெயின்ட் கராஜும் நம்ம பிள்ளைகளின் நெஞ்சும்: "பிழைப்பில் மண் போடாதீங்க சேர்" என்றவர்களுக்கு என் பதில்



நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள நான்கு கோரிக்கைகளையாவது பார்த்துவிட்டுப் போங்கள்.

போன கிழமை நாலு வரியில் ஒரு பதிவு போட்டிருந்தேன். நமது ஊர் ஒழுங்கைகளுக்குள் வாகனத்துக்கும் தளபாடத்துக்கும் பெயின்ட் அடிக்கிற இடங்களில் காற்றோட்டம் சரியில்லை, அங்கே வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள் என்று. அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்கள்:

"சேர் பாடத்தப் படிப்பிச்சாப் போதும்."
"உழைச்சுத் தின்றவன்ட பிழைப்பில மண் போடாதீங்க."
"இருபது வருஷமா அடிக்கிறம், மவுத்தாகியா போயிட்டம்?"
"யார்ட்ட காசு வாங்கிட்டு எழுதுறீங்க?"

கடைசிக் கேள்விக்கு அல்லாஹ் போதுமானவன். மற்ற மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், ஏன் எழுதினேன் என்று சொல்லியாக வேண்டும்.

ஒரு பிள்ளை. பெயர் சொல்ல மாட்டேன். தரம் ஒன்பதிலும் பத்திலும் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். கையால் செய்யும் வேலை என்றால் அவனுக்கு உயிர், புத்தகம் என்றால் தூக்கம். ஓ.எல். முடிவு வந்த பிறகு அவனுடைய வாப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து, "இவன என்ன செய்ற சேர்?" என்று கேட்டார். "ஏ.எல். இவனுக்குச் சரிவராது. ஒரு தொழிலில் சேர்த்து விடுங்க. பெயின்ட் வேலைக்கு இப்ப நல்ல கிராக்கி" என்று சொன்னவன் நான்தான். எந்த கராஜ் என்று காட்டிக் கொடுத்தவனும் நான்தான்.

இரண்டு வருடம் கழித்து, இஷா தொழுதுவிட்டு வெளியே வரும்போது அவனைச் சந்தித்தேன். ஸலாம் சொல்ல வாயைத் திறந்தவன் இருமத் தொடங்கினான். நிற்கவே இல்லை.

"ராவைக்குத்தான் சேர் கூட. நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி இரிக்கி."
"மருந்து எடுக்கல்லயா?"
"எடுத்தன் சேர். பம்ப் தந்திரிக்காங்க."
"எந்த நாளும் இப்படியா?"
"இல்ல சேர். நோம்புப் பெருநாளைக்கு கராஜ் ஒரு கிழமை பூட்டு. அந்தக் கிழமை ஒரு இருமலும் இல்ல. திறந்து ரெண்டாம் நாள் திரும்ப வந்திட்டு."

அவன் சும்மா சொல்லிவிட்டுப் போன இந்த வசனத்தைக் கேட்டு எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. வேலைக்குப் போனால் வருகிறது, லீவில் இருந்தால் போகிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியமான அடையாளமே இதுதான். ஆனால் அவன் மருந்தெடுத்த இடத்தில் "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

அடுத்த சனிக்கிழமை கராஜுக்குப் போனேன். முதலாளி என்னை மரியாதையாக வரவேற்றார், பிளேன்டீ தந்தார். நல்ல மனிதர், ஏழை எளியவருக்குக் கொடுப்பவர். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் எழுதுவது ஒரு கெட்ட மனிதரைப் பற்றியல்ல.

பெயின்ட் அடிக்கிற இடம் பின்னால் இருந்தது. இரண்டு பக்கமும் அயல் வீட்டு மதில், பின்னால் சாமான் அறைச் சுவர், மேலே தகரம். முன்னால் படங்கு ஒன்றை இறக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு வேன். சுவரின் உச்சியில் குசினிக்கு மாட்டுகிற சைஸில் ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன், அதன் இதழ்களில் பெயின்ட் பஞ்சு மாதிரி அப்பியிருந்தது. அந்த ஃபேனின் வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு வளவு, கொடியில் சின்னப் பிள்ளையின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பெயின்ட் பாஸ் மூக்கில் லேஞ்சி கட்டியிருந்தார். என் மாணவன் கொரோனா காலத்து நீல மாஸ்க் போட்டுக்கொண்டு ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு நிமிடம் நின்றேன், எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது.

"ஏன் காக்கா படங்கைக் கட்டி வெச்சிரிக்கீங்க?"
"கச்சான் காத்து சேர். ஒரு மணல் ஒட்டினாலும் முழுப் பெனலையும் தேச்சுத் திரும்ப அடிக்கோணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. கச்சான் காலத்தில் நமது ஊரில் சோற்றுக் கோப்பைக்குள்ளேயும் மணல் விழும். ஈரப் பெயின்டில் விழாதா? ஆனால் மொத்தப் பிழையும் இங்கேதான் தொடங்குகிறது. தூசி உள்ளே வரக் கூடாது என்று மூடுகிறோம். மூடியதும் உள்ளே இருக்கும் நஞ்சு வெளியே போக வழியில்லாமல் போகிறது. வேனின் பளபளப்புக்காகப் பிள்ளையின் நெஞ்சைப் பணயம் வைக்கிறோம். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முறையான பூத் இரண்டையும் காப்பாற்றும். வரும் காற்றை வடிகட்டி உள்ளே விடுவது, உள்ளே இருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளுவது, இரண்டும் ஒரே நேரத்தில். பூத் என்பதே அதற்குத்தான்.

உள்ளே அப்படி என்ன நஞ்சு என்று கேட்பவர்களுக்கு:

ஒன்று தின்னர். டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் அதில் இருக்கும். தலைசுற்று, தலையிடி, ஓங்காளம், மறதி எல்லாம் இதால் வரும். இதன் மணம் நமக்குத் தெரியும்.

மற்றது ஹார்ட்னர். வாகனத்துக்கு அடிக்கிற டூ-கே பெயின்டிலும் கிளியர் கோட்டிலும் கலக்கிற அந்தச் சின்னத் தகரம். அதில் இருப்பது ஐசோசயனேட். நெஞ்சைக் கெடுக்கிற அளவுக்குக் காற்றில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. "மணம் குறைஞ்சிட்டு, இனிப் பிரச்சினையில்ல" என்று சொல்வது இதனால்தான் ஆபத்து. சிலருடைய உடம்பு இதற்கு ஒருமுறை பழுதாகிவிட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். பிரித்தானியாவின் தொழில் சுகாதார, பாதுகாப்பு அதிகார நிறுவனம், வாகனத்துக்குப் பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரும் ஆபத்து அந்த நாட்டு ஏனைய தொழிலாளர்களைவிட ஏறத்தாழ 80 மடங்கு என்று எழுதி வைத்திருக்கிறது. பூத்தும் சட்டமும் உள்ள நாட்டிலேயே அப்படி. படங்கு கட்டிய நமது ஊரில் யார் எண்ணிப் பார்த்தது?

"அதுக்குத்தானே ஃபேன் போட்டிரிக்கம்" என்பவர்களுக்கு:

எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்குகிற ஒரு பரிசோதனை இருக்கிறது. மூடிய பெட்டி ஒன்று, மேலே இரண்டு குழாய். ஒரு குழாய்க்குக் கீழே மெழுகுதிரியை ஏற்றுங்கள். மற்றக் குழாய்க்கு மேலே புகைகிற கடதாசியைப் பிடியுங்கள். புகை அந்தக் குழாயால் இறங்கி, பெட்டிக்குள் குறுக்கே போய், மெழுகுதிரிப் பக்கத்தால் மேலே ஏறும். இப்போது புகை இறங்குகிற குழாயை உள்ளங்கையால் பொத்துங்கள். ஓட்டம் நின்றுவிடும். வெளியே போக வாசல் இருந்தும், உள்ளே வர வாசல் இல்லாவிட்டால் காற்று ஓடாது. இதை வகுப்பில் கையால் பொத்திக் காட்டியவன் அதே பிள்ளைதான். அவன் மறக்கவில்லை. நான்தான் அவனை அனுப்பிய இடத்தில் இரண்டாவது வாசல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஆகவே முதலாவது விதி: காற்றுக்கு இரண்டு வாசல் வேண்டும். ஒரு பக்கச் சுவரில் ஃபில்டர் வைத்த பெரிய திறப்பு, எதிர்ப்பக்கச் சுவரில் ஃபில்டரும் ஃபேனும். காற்று ஒரு பக்கத்தால் வந்து வாகனத்தைத் தடவி மற்றப் பக்கத்தால் போக வேண்டும். போகிற காற்று வருகிற காற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், இடுக்குகளால் நஞ்சு வெளியே கசியாது.

இரண்டாவது விதி: ஃபேனுக்குக் கணக்கு வேண்டும். கையால் கன் பிடித்து அடிக்கிற பெரிய பூத்தில் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி வேகத்தில், அதாவது செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் நகர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 12 அடி அகலம், 9 அடி உயரமுள்ள அறை என்று வையுங்கள். பெருக்கினால் 108 சதுர அடி. அதை 100ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 10,800 கன அடி காற்று. குசினி ஃபேன் இதில் பத்தில் ஒரு பங்கும் இழுக்காது. அதுவும் இதழில் பெயின்ட் அப்பிய ஃபேன் என்றால் சுற்றுகிற சத்தம்தான் மிச்சம்.

மூன்றாவது விதி: இழுக்கிற வாய் கீழே வரைக்கும் இருக்க வேண்டும். தின்னர் ஆவி காற்றைவிடப் பாரம். அது நிலத்தோடு படரும். நாம் ஃபேனை உச்சியில் மாட்டிவிட்டு, நிலத்தில் குந்தி இருந்து பம்பருக்கு அடிக்கிறோம்.

நான்காவது விதி: அடிக்கிறவன் நிற்கிற இடம். காற்று வருகிற பக்கம் நிற்க வேண்டும். வாகனத்துக்கும் ஃபேனுக்கும் நடுவில் நின்றால், அடிக்கிற அத்தனையும் அவனுடைய முகத்தைக் கடந்துதான் வெளியே போகும். ஹோஸ் பிடிக்கிற பையனை நாம் நிறுத்துவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஐந்தாவது விதி: அடித்து முடித்ததும் வேலை முடியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மூட்டம் போன பிறகும் தெரியாத மூட்டம் நிற்கும். பாஸ்மார் அந்த நேரத்தில்தான் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கிட்டப் போய் ஃபினிஷ் பார்க்கிறார்கள். பூத்தைப் புகையால் நிரப்பி, முழுதாகத் தெளிய எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று ஒருமுறை அளந்து, அந்த நிமிடக் கணக்கைக் கதவில் எழுதி வையுங்கள். அதுவரைக்கும் ஃபேன் ஓட வேண்டும், மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும்.

மாஸ்க் என்றதும் இன்னொன்று. லேஞ்சியும் நீல மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. மணலைத் தடுக்கிற வலையால் தண்ணீரைத் தடுக்க முடியுமா? கரி வைத்த கார்ட்ரிஜ் மாஸ்க் தின்னருக்கு உதவும். ஆனால் அது எப்போது தீர்ந்து போனது என்று ஐசோசயனேட் மணந்து காட்டாது. டூ-கே அடிப்பவருக்குச் சரியானது, வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயால் தருகிற மாஸ்க். காற்றோட்டமும் வேண்டும், அதுவும் வேண்டும்.

"பால் குடிச்சாச் சரி" என்று சில பாஸ்மார் சொல்கிறார்கள். பால் போவது வயிற்றுக்கு. பெயின்ட் போவது நெஞ்சுக்கு. இரண்டுக்கும் வழி வேறு.

நெருப்பையும் சொல்ல வேண்டும். மூடிய இடத்தில் தின்னர் ஆவி நிறைந்து நிற்க, பத்தடி தள்ளி வெல்டிங் நடக்கிறது. சாதாரண ஃபேன் மோட்டருக்குள்ளேயும் பொறி வரும். அந்த ஆவியை அந்த மோட்டருக்குள்ளால் இழுப்பது, அடுப்புக்குப் பக்கத்தில் பெற்றோல் ஊற்றுவது மாதிரி. மோட்டர் காற்று போகிற பாதைக்கு வெளியே இருக்க வேண்டும், அல்லது இதற்கென்றே செய்த பொறி பறக்காத ஃபேனாக இருக்க வேண்டும். இதைக் காசு பார்த்துச் செய்யும் விசயமாக எடுக்காதீர்கள்.

இனி, வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"இருபது வருஷமா அடிக்கிறம், ஒண்டும் நடக்கல்ல." அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒன்றும் நடக்காதவர்தான் இன்றும் கராஜில் நிற்பார். மூச்சு முட்டி வேலையை விட்டவர் ஆட்டோ ஓட்டுகிறார், அல்லது வீட்டில் இருக்கிறார். அவரை யாரும் கணக்கெடுப்பதில்லை. கடலில் இருந்து கரைக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டால், கடலில் ஆபத்தே இல்லை என்றுதான் சொல்வார்கள்.

"பிழைப்பில் மண் போடாதீங்க." யாருடைய பிழைப்பு? பத்தொன்பது வயதில் பம்ப் பிடிக்கிறவனுக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. அவனுக்கு இன்னும் நாற்பது வருடம் உழைக்க வேண்டியிருக்கிறது. கராஜை மூடச் சொல்லி நான் ஒரு இடத்திலும் எழுதவில்லை. மூடினால் அவனுக்கும் சோறு இல்லை என்று எனக்கும் தெரியும். திறக்கச் சொல்கிறேன். அடைத்த சுவரில் இன்னொரு வாசலைத் திறக்கச் சொல்கிறேன்.

"சேர் பாடத்தப் படிப்பிச்சாப் போதும்." இதுதான் என் பாடம். வகுப்பில் வளியமுக்கம் படிப்பித்துவிட்டு, வாசலில் அதே பிள்ளை மூச்சுத் திணறும்போது பேசாமல் போனால் நான் படிப்பித்தது எதற்கு?

அயல் வீட்டையும் பார்ப்போம். ஃபில்டர் பெயின்ட் துளிகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவி வெளியேதான் போகும். ஆகவே அதை மதிலுக்கு மேலால் பக்கத்து வளவுக்கு ஊதக் கூடாது. கூரைக்கு மேலே, நேராக வானத்துக்கு, அக்கம்பக்கத்து ஜன்னல்களைவிட உயரத்தில் விட வேண்டும். அண்டை வீட்டார் உரிமை பற்றி எத்தனை பயான் கேட்டிருப்போம்? கறி சமைத்தால் மணம் போகிற வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பப் பழகிய சமூகம் நாம். தின்னர் மணம் போகிற வீட்டுக்கு என்ன கொடுத்தனுப்புகிறோம்? அந்தக் கொடியில் காய்ந்த சட்டைக்குரிய பிள்ளை ஹக்கு கேட்கிற வயதில் இல்லை. அதனால் நமக்கு வசதி.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. வேலைத்தலத்தில் காற்றோட்டம் வேண்டும், கேடு தரும் புகையை அகற்ற வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. தொழில் செய்யக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தத் தடை இருக்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நமது ஒழுங்கைக்குள் அது வந்து சேரவில்லை. வருவதை நாமும் விரும்பவில்லை, ஏனென்றால் வந்தால் சொந்தக்காரனுக்குத்தான் தண்டப்பணம்.

முதலாளியிடம் இதையெல்லாம் சொன்னேன். கோபப்படவில்லை. "எல்லாம் சரி சேர். ஒரு பூத் போட என்ட முழுக் கராஜையும் விக்கோணும்" என்றார். அந்தக் கஷ்டம் உண்மை. தனியொருவர் தலையில் இதைக் கட்ட முடியாது. அதனால்தான் இதை ஊர் விசயமாகக் கேட்கிறேன்.

என் நான்கு கோரிக்கைகள்:

1. கராஜ் முதலாளிமாருக்கு: செலவில்லாதவற்றை நாளைக்கே செய்யுங்கள். பெயின்ட் அடிக்கும்போது ஹோஸ் பிடிக்க ஆள் தேவையில்லை, பையனை வெளியே அனுப்புங்கள். அந்த நேரம் பக்கத்தில் வெல்டிங், கிரைண்டர் வேண்டாம். ஃபேன் இதழையும் ஃபில்டரையும் சுத்தம் செய்யுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஃபில்டர் துணி அடித்த ஒரு திறப்பு வையுங்கள். ஹார்ட்னரை வெறுங்கையால் கலக்க விடாதீர்கள், கையைத் தின்னரால் கழுவ விடாதீர்கள்.

2. ஜமாஅத்தாருக்கும் வர்த்தகர்களுக்கும்: குடிமனைக்கு வெளியே ஒரு பொதுப் பூத். எல்லாக் கராஜ்காரரும் பங்கு போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பாவிக்கட்டும். பள்ளிவாசலுக்கு மினாரா கட்ட ஒன்றுசேரத் தெரிந்த நமக்கு இதுவும் முடியும். மணல் ஒட்டாத பெயின்ட் கிடைக்கும், வெளியூர் வாகனமும் தேடி வரும்.

3. பிரதேச சபைக்கும் சுகாதாரப் பகுதிக்கும்: அனுமதி கொடுக்க முன் பெயின்ட் அடிக்கிற இடத்தைப் போய்ப் பாருங்கள். காற்று எதனால் வருகிறது, எதனால் போகிறது, யாருடைய வளவுக்குப் போகிறது என்ற மூன்று கேள்வி போதும். பிழை கண்டால் பூட்டுப் போட முன் திருத்த அவகாசம் கொடுங்கள்.

4. பெற்றோருக்கும் என் சக ஆசிரியர்களுக்கும்: பிள்ளையைத் தொழிலில் சேர்க்க முன் அந்த இடத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். சம்பளத்தைக் கேட்பதற்கு முன் காற்றைப் பாருங்கள். இருமல், இழுப்பு என்று மருந்துக்குப் போனால், கேட்காவிட்டாலும் "பெயின்ட் வேலை செய்றான்" என்று வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது நெஞ்சு நோய் கிளினிக்குக்குப் போகிறான். வேலையைச் சொல்லித்தான் மருந்தெடுத்தான். பெயின்ட் அறைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி அவனைக் கைவிடவில்லை, டின்கரிங் பக்கம் மாற்றியிருக்கிறார். சம்பளம் குறைவு. "கன்ன கையில எடுத்தா மனசு நெறயும் சேர்" என்று சொன்னவன். நாளைக்கே நமது ஊரில் நல்ல பூத் ஒன்று வந்தாலும் அவனால் இனி அதற்குள் போக முடியுமா தெரியாது. உடம்பு ஒருமுறை பழுதாகிவிட்டது.

அவனை அங்கே சேர்க்கச் சொன்னவன் என்ற வகையில் நான் பொறுப்பாளி. அதை எங்கும் மறைக்க மாட்டேன். இந்த வருடமும் ஓ.எல். முடிவு வரும். "இவன என்ன செய்ற சேர்?" என்று வாப்பாமார் வருவார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு நல்ல இடம் வேண்டும். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

யாரையும் நோகடிக்க எழுதவில்லை. பிழை இருந்தால் திருத்துங்கள். சரியென்று பட்டால் கராஜ் வைத்திருக்கிற ஒருவருக்கு இதை அனுப்புங்கள்.